முத்திரையும் மருந்தும்

சென்ற தவணைப் பரீட்சைக்குச் சில நாள் முன்னர், சைவாசிரியர் ஒருவர் நம்மிடம் வந்து ஒரு வினாவை நிகழ்த்தினார். அவர் தம் வகுப்பு மாணாக்கரைக் காலைப் பிரார்த்தனை முடிந்தபின் சிறிதுபொழுது நிமிர்ந்திருக்கச் செய்து, பெருவிரல் நுனியையும் சுட்டுவிரல் நுனியையும் சேர்த்து வைப்பித்து, கண்களை மூடி மூச்சை மெல்ல விடும்படி பழக்கி வருபவர். பிள்ளைகளிடத்தே பரபரப்பு அடங்கிற்று. பரீட்சையச்சமும் ஓரளவு தணிந்தது. இதனைக் கேள்வியுற்ற தாயொருத்தி அவரையடைந்து, தன் மகனுக்குள்ள தொய்வு நோய்க்கும் ஒரு முத்திரை சொல்லித்தரும்படி வேண்டி, அதனைச் செய்துவந்தால் மூச்சோடு உள்ளிழுக்கும் மருந்தை நிறுத்திவிடலாமோ என்றும் கேட்டாள். ஆசிரியர் திகைத்தார். "யான் இத்துணை நாளும் செய்தது நன்றோ, தீதோ? அத்தாய்க்கு யாது விடை கூறுவேன்?" என்பதே அவர் நம்மிடம் வினாவியது.

இவ்வினா அவர் ஒருவர்க்கே உரியதன்று. யூன் மாதம் 21ஆம் நாளை உலக யோக தினமாக ஐக்கிய நாடுகள் சபை 2014ஆம் ஆண்டிலே விதித்த பின்னர், யோகப் பயிற்சி வித்தியாசாலைகள் பலவற்றிற் புகுந்துவிட்டது. அதனோடு கூடவே, இன்ன விரலை இன்ன விரலோடு சேர்த்தால் இன்ன வியாதி நீங்கும் என்னும் அட்டவணைகளும் வீடுதோறும் வந்து சேர்ந்துள்ளன. ஆகலின் முத்திரை என்பது யாது, அதனால் உண்மையில் விளைவது யாது, ஆசிரியன் அதனைப்பற்றி எவ்வளவு கூறலாம் என்பவற்றை ஈண்டு ஆராய்வாம்.

முத்திரை என்னும் சொல்லுக்கு அடையாளப் பொறி என்பது நேர்ப்பொருள். ஓலைமீது இட்ட இலச்சினை, அவ்வோலை இன்னாருடையது என்று காட்டுமாறு போல, கையின்கண் அமைந்த முத்திரை அகத்தின்கண் உள்ள கருத்தைக் காட்டும். சிவபூசையிலே ஆவாகனம், தாபனம், சந்நிதானம், சந்நிரோதனம் என்பவற்றுக்குத் தனித்தனி முத்திரை உண்டு. தேனுமுத்திரை கொடுத்தல் நிவேதனத்தை அமிர்தமாகப் பாவித்தற்பொருட்டு. இவ்விடங்களிலெல்லாம் மந்திரமும் கிரியையும் பாவனையும் ஒன்றுசேர்ந்தே நிற்கும். பாவனை நீங்கிய முத்திரை விரலசைவு மாத்திரமேயாம்.

கூத்து நூலாரும் கையமைதிகளை வகுத்தனர். ஒற்றைக்கையைப் பிண்டி என்றும் இரட்டைக்கையைப் பிணையல் என்றும் தமிழ்நூலார் வழங்குவர். பரதமுனிவர் நாட்டியசாத்திரத்திலே ஒற்றைக்கை 24 என்றும், இணைந்தகை 13 என்றும் தொகை கூறினார். இவையும் கருத்தைப் புலப்படுத்துதற்கே ஏற்பட்டன.

இனி, யோக நூலிலே முத்திரை நோய் தீர்க்கும் எனக் கூறப்பட்டிருக்கின்றதே என்பார் உளர். அஃது உண்மையே. சுவாத்மாராமர் இயற்றிய அடயோகப் பிரதீபிகை பத்து முத்திரைகளை விரித்து, அவற்றுக்கு நோய்நீக்கமும் மூப்புநீக்கமும் பயனாகச் சொல்லுகின்றது. ஆனால் அப்பத்தும் யாவை? மகாமுத்திரை, மகாபந்தம், மகாவேதம், கேசரி, உட்டியாணம், மூலபந்தம், சாலந்தரபந்தம், விபரீதகரணி, வச்சிரோளி, சத்திசாலனம் என்பன. இவை உடம்பை மடக்கியும் மூச்சை நிறுத்தியும் நாவை மேலே செலுத்தியும் குருமுகமாகப் பயில வேண்டியவை. இக்காலத்து அட்டவணைகளிலே காணப்படும் பிருதிவி முத்திரை, வருண முத்திரை, சூனிய முத்திரை முதலிய விரற்சேர்க்கைகளுள் ஒன்றேனும் அப்பத்தினுள் இல்லை. பெயரொற்றுமை பற்றி ஒன்றன் பெருமையை மற்றொன்றன்மேல் ஏற்றுதல் நெறியன்று.

அவ்வட்டவணைகளுக்கு அடிப்படையாகக் கூறப்படும் கொள்கையையும் நோக்குவாம். ஐந்து விரலும் ஐந்து பூதம் என்றும், பெருவிரல் தீ, சுட்டுவிரல் காற்று, நடுவிரல் ஆகாயம், அணிவிரல் நிலம், சிறுவிரல் நீர் என்றும், பூதங்களின் மிகுதி குறைவே நோய் ஆகலின் விரல்களைச் சேர்த்தும் மடித்தும் அவற்றைச் சமப்படுத்தலாம் என்றும் சொல்வர். இது நம் ஆகமத்திலே உள்ளது என்றே பலர் நம்பியிருக்கின்றனர். ஆனால் ஆகம வழி யாது? கரநியாசத்திலே ஈசானம் பெருவிரலிலும், தற்புருடம் சுட்டுவிரலிலும், அகோரம் நடுவிரலிலும், வாமதேவம் அணிவிரலிலும், சத்தியோசாதம் சிறுவிரலிலும் நியசிக்கப்படும். ஈசானம் ஆகாயத்துக்கும், தற்புருடம் காற்றுக்கும், அகோரம் தீக்கும், வாமதேவம் நீருக்கும், சத்தியோசாதம் நிலத்துக்கும் உரியன. எனவே பெருவிரல் முதலாக ஆகாயம், காற்று, தீ, நீர், நிலம் என நுண்மையினின்று பருமைக்கு இறங்கும் முறையே அமைந்தது. இரண்டு வரிசையையும் ஒப்பிடின், சுட்டுவிரல் ஒன்றிலே மாத்திரம் ஒற்றுமையும் ஏனை நான்கிலும் மாறுபாடும் காணப்படும். ஒருவன் உடம்பிலே நீரைக் கூட்ட எண்ணிச் சிறுவிரலைத் தொட்டால், ஆகமக்கணக்கின்படி அவன் தொட்டது நிலத்தையே! நியாசமோ மருத்துவம் செய்ய எழுந்ததன்று; பூசிப்பவன் தன் கையைச் சிவகரமாக்கிக் கொள்ளுதற்கு எழுந்தது. ஆகலின் இப்புதுக்கணக்கைச் சைவத்தின் பேரால் விற்றல் சைவத்துக்கும் அழகன்று, மருத்துவத்துக்கும் அழகன்று.

அங்ஙனமாயின் சின்முத்திரையின் பொருள் யாது? தென்முகக் கடவுள் கல்லாலின் கீழிருந்து சனகாதியர் நால்வர்க்கும் சொல்லாமற் சொன்ன பொருள் அதுவென்பது நம் முன்னோர் துணிபு. பெருவிரல் பதியையும், சுட்டுவிரல் பசுவையும், எஞ்சிய மூன்று விரல்களும் ஆணவம் கன்மம் மாயை என்னும் மும்மலங்களையும் குறிக்கும். சுட்டுவிரல் இயல்பாகவே அம்மூன்றோடும் சேர்ந்து நிற்பது; "அவன், இவன்" எனப் பிறரைச் சுட்டுவதற்கு நீளுவதும் அதுவே. அது மூன்றையும் விட்டு வளைந்து பெருவிரலின் அடியை நாடும்பொழுது, செருக்குத் தணிந்த உயிர் இறைவனைச் சார்ந்தது என்பது குறிப்பு. பெருவிரல் இன்றி ஏனை நான்கும் ஒரு பொருளைப் பற்றமாட்டா என்பதை எழுதுகோல் பிடிக்கும் சிறுவனும் அறிவான். சித்தாந்தம் முழுவதும் ஒரு கையில் அடங்கிய இவ்வற்புதத்தைத் தலைவலிக்குரிய ஒரு பற்று ஆக்குதல், தாய் எழுதிய கடிதத்தை விளக்கெரிக்கத் திரியாக முறுக்குதல் போலும்.

தோப்புக்கரணத்துக்கும் இக்கதி நேர்ந்திருக்கின்றது. பிள்ளையார் சந்நிதியிலே பிழைபொறுக்க வேண்டிச் செவியைப் பிடித்து இருந்தெழும் வழக்கத்தை, 2005ஆம் ஆண்டளவிலே பிலிப்பைன் தேயத்தவராகிய சோவா கோக் சுயி என்பவர் மூளைத்திறன் வளர்க்கும் யோகம் என்று வேறு பெயரிட்டு நூலெழுதிப் பரப்பினார். பணிவு போயிற்று, பயன் ஒன்றே நின்றது.

இதுகாறும் கூறியவற்றால், முத்திரை கொண்டிருத்தலால் உடம்புக்கும் மனத்துக்கும் யாதொரு நன்மையும் இல்லை என்று நாம் கூறியதாகக் கொள்ளற்க. மனச்சாந்தி உண்டாதல் அனுபவசித்தம். அதற்குக் காரணம் யாது என்பதே ஆராயத்தக்கது.

முதலாவது, மூச்சு. நிமிர்ந்து அசையாதிருந்து மூச்சை மெல்ல விடுவோனுக்கு இருதயத் துடிப்பு வெளிமூச்சின்போது தணிகின்றது. மூளையினின்று இறங்கி இருதயத்தையும் குடலையும் சார்கின்ற வேகசு என்னும் நரம்பின் தொழில் ஓங்குகின்றது. 2001ஆம் ஆண்டிலே லூசியானோ பெர்னார்டி முதலிய இத்தாலிய வைத்தியர்கள், நோயற்றார் 23 பேரைக்கொண்டு ஓராராய்ச்சி செய்து வெளியிட்டார்கள். ஒரு வடமொழி மந்திரத்தைச் செபித்தபொழுதும், கத்தோலிக்கரது செபமாலையை இலத்தீன் மொழியிலே சொன்னபொழுதும், மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாகத் தணிந்தது. இரத்த அழுத்தத்தைச் சீர்செய்யும் இயல்பும் இரண்டினாலும் ஒப்பவே மிகுந்தது. இதனை நாம் மறைக்க வேண்டுவதில்லை. மெல்லிய மூச்சு எல்லாச் சமயத்தார்க்கும் உடம்பின் வழியாக இறைவன் வைத்த கொடை. சரீர சாந்தி வேறு, சிவஞானம் வேறு என்பதை இவ்வாராய்ச்சி தெளிவிக்கின்றது என்றே கொள்க.

இரண்டாவது, கை. கனடா தேயத்து மொன்றியல் நகரிலே சத்திரவைத்தியராயிருந்த வில்டர் பென்பீல்டு, 1937ஆம் ஆண்டிலே எட்வின் போல்ட்ரேயுடன் சேர்ந்து, மூளையின் மேற்பரப்பிலே ஒவ்வோர் உறுப்புக்கும் உரிய இடத்தைக் கண்டு எழுதினார். கைக்கும் முகத்துக்கும் உரிய இடம், முதுகு முழுவதற்கும் உரிய இடத்தினும் மிகப் பெரிது. ஆதலால் விரல்நுனிகள் மெல்லத் தொட்டுக்கொண்டிருக்கும் உணர்ச்சியிலே மனத்தை நிறுத்துதல் சிறு பிள்ளைக்கும் எளிதாகின்றது. ஓடித்திரியும் கன்றுக்கு ஒரு கட்டுத்தறி வேண்டும், முத்திரை அக்கட்டுத்தறி. கன்றை வளர்ப்பது தறியன்று என்பதையும் மறவாதிருத்தல் வேண்டும்.

இனி அத்தாயின் வினாவுக்கு வருவாம். தொய்வு நோயாளர் 46 பேரைச் சேர்த்து அமெரிக்க வைத்தியர் சிலர் நடத்தி, 2011ஆம் ஆண்டிலே வெளியிட்ட ஓராராய்ச்சி ஒவ்வோர் ஆசிரியரும் அறியத்தக்கது. அந்நோயாளர்க்கு ஒருமுறை சல்பியூட்டமோல் மருந்தும், ஒருமுறை மருந்தில்லாத வெற்றுக் கருவியும், ஒருமுறை பொய்யான ஊசிக்குத்தும் கொடுக்கப்பட்டன. ஒருமுறை யாதொன்றும் கொடுக்கப்படவில்லை. மருந்து பெற்றபொழுதும், வெறுங்கருவி பெற்றபொழுதும், பொய்யூசி பெற்றபொழுதும் அவர்கள் ஏறக்குறைய ஒரே அளவாகத் தமக்குச் சுகம் உண்டாயிற்று என்றார்கள். ஆனால் நெஞ்சினின்று வெளிவரும் காற்றைக் கருவியால் அளந்தபொழுது, மருந்தினால் 20 வீதம் பெருகியது; ஏனை மூன்றினாலும் ஏறக்குறைய 7 வீதமே பெருகியது. இதன் பொருள் யாது? மனம் "சுகம்" என்று சொல்லும்பொழுதே மூச்சுக்குழல் சுருங்கிக் கிடத்தல் கூடும்!

இதுவே நாம் அஞ்சுவது. முத்திரை சாந்தியைத் தராதொழிவதனாற் கேடு இல்லை. தருவதனாலேதான் கேடு உண்டாகலாம். பிள்ளை அமைதியாயிருக்கின்றான் என்று தாய் மகிழ்ந்திருப்பாள். உள்ளே காற்று அடைபட்டுக்கொண்டிருக்கும். நீரிழிவும் அத்தகையதே. சிறுவர்க்கு உண்டாகும் நீரிழிவு, 1922ஆம் ஆண்டுக்கு முன்னர் மரணத்துக்கு மறுபெயராயிருந்தது. 1921இலே தொறொன்ரோ நகரிலே பான்ரிங், பெஸ்ற் என்போர் இன்சுலினைக் கண்டறிய, அடுத்த ஆண்டு சனவரியிலே பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அஃது ஏற்றப்பட்டு, அவன் பிழைத்தான். பிராண முத்திரையும் அபான முத்திரையும் நீரிழிவைத் தீர்க்கும் என்னும் சொல்லை நம்பி அம்மருந்தைச் சில நாள் நிறுத்தினும் அச்சிறுவர் உயிருக்கு மோசம் வரும்.

மாரடைப்புக்கென்றே மிருதசஞ்சீவினி என்று பெயரிட்ட ஒரு முத்திரையும் வழங்குகின்றது. மாரடைப்பிலே இரத்தம் பெறாத இருதயத் தசை நிமிடந்தோறும் மடிந்துகொண்டிருக்கும். நம் இலங்கையிலே 2016ஆம் ஆண்டு தொடங்கி 2018இலே வடமாகாணத்துக்கும் விரிந்த இலவச அம்புலன்ஸ் சேவைக்கு 1990 என்னும் எண்ணே அழைப்பெண். நெஞ்சுவலி கொண்டவர் பக்கத்தில் நிற்போனது விரல் முதலில் அழுத்தவேண்டுவது அவ்வெண்ணையே.

ஈண்டுச் சிலர் ஆட்சேபிப்பர். "திருஞானசம்பந்த சுவாமிகள் பாண்டியனது வெப்புநோயைத் திருநீற்றினால் தீர்க்கவில்லையா? திருநாவுக்கரசு சுவாமிகளது சூலை திருவதிகையிலே நீங்கவில்லையா? மருந்தே வேண்டும் என்பது விசுவாசக் குறைவன்றோ?" என்பர். விசுவாசக் குறைவு அன்று. அவை திருவருளின் செயல்கள். கைப்பழக்கத்தின் விளைவுகள் அல்ல. அருள் நம் அட்டவணைக்கு அடங்காது. இத்தனை நிமிடத்துக்கு இத்தனை சுகம் எனக் கணக்கிடப்படுவது அருளன்று. மேலும் பாண்டியனுக்கு முதலில் மருத்துவ நூல் வல்லாரே அழைக்கப்பட்டனர் என்று பெரியபுராணம் கூறுகின்றது. மங்கையர்க்கரசியாரும் குலச்சிறையாரும் இருந்த அரண்மனையிலே மருத்துவரை அழைத்தல் பத்திக்கு மாறாக எண்ணப்படவில்லை. சித்தர் பெயரால் வழங்கும் நூல்களிலே மூலிகையும் பற்பமும் செந்தூரமும் பத்தியமும் எத்துணை விரிவாகச் சொல்லப்பட்டன! யோகத்தின் கரை கண்டோர் எனப் போற்றப்படும் அவர்க்கு விரல்மடக்குதல் ஒன்றே போதியதாயின், காடும் மலையும் திரிந்து மருந்து தேடியிருக்க வேண்டுவதில்லை.

வேறு சிலர் நயமாக ஆட்சேபிப்பர். "இதனால் நோய் தீரும் என்று சொன்னால் பிள்ளை ஊக்கத்தோடு செய்யும், நன்மைக்காகச் சொல்லும் பொய்யை வள்ளுவனாரே ஒப்புக்கொண்டாரன்றோ?" என்பர். நாம் பலமுறை சிந்தித்தது இவ்வாட்சேபத்தையே. திருவள்ளுவ நாயனார் பொய்க்கு அவ்விடம் கொடுத்தது உண்மை. ஆனால் விளையும் நன்மை குற்றம் சிறிதும் அற்றதாயிருத்தல் வேண்டும் என்று வேலியிட்டே கொடுத்தார். ஆசிரியனுடைய சொல் வகுப்பறைக்குள் நின்றுவிடுவதோ? பிள்ளை வீட்டிலே சொல்லும். தாய் அயலாளுக்குச் சொல்லுவாள். அயலாள் தன் கணவனது நெஞ்சுவலிக்கு அதனைச் செய்விப்பாள். எங்கே போய் முடியும் என்று சொல்லுவோன் அறியமாட்டாத சொல்லுக்குக் குற்றமற்ற நன்மை உண்டு என்று எவர் பிணைநிற்பர்?

அன்றியும் அப்பொய் வேண்டப்படுவதும் இல்லை. 2010ஆம் ஆண்டிலே ஆர்வார்டு மருத்துவக் கழகத்தைச் சார்ந்த தெட் கப்ச்சக் முதலியோர், குடல் உபத்திரவமுடைய 80 பேரை இரு கூறாக்கி, ஒரு கூற்றார்க்கு, "இக்குளிகையிலே மருந்து இல்லை" என்று வெளிப்படையாகச் சொல்லியே கொடுத்தார்கள். சொல்லியும் அவர்க்கு உபத்திரவம், குளிகை பெறாதவர்க்குக் குறைந்ததினும் மிகுதியாகக் குறைந்தது. பரிவோடு கவனிக்கப்படுதலும் ஒழுங்காக ஒன்றைச் செய்தலும் தாமே ஓர் ஆறுதல் என்பது இதனாற் பெறப்படும். எனவே, "இது மனத்தை அமைதிப்படுத்தும், நோய்க்கு மருந்து வேறு" என்று உண்மையைச் சொன்ன மாத்திரத்தால் முத்திரையின் நன்மை குன்றிவிடாது. உண்மையாற் பெறத்தக்கதைப் பொய்யாற் பெற முயல்வோனுக்கு வள்ளுவனார் வேலியுள் இடமில்லை.

ஆயின், சின்முத்திரை ஞானத்துக்குரியதாக, அதனைப் பரீட்சையச்சம் தணிக்க உபயோகித்தல் அபசாரமாகுமோ? ஆகாது என்பது எம் துணிபு. கோயில் வீதியிலே நிழலுக்காக வந்திருப்பவனைச் சுவாமி விலக்குவதில்லை. அங்கிருந்தவன் மணியோசை கேட்டு உள்ளே வருதலும் உண்டு. ஆனால் வீதியையே மூலத்தானம் என்று அவனுக்குச் சொல்லிவைப்பதுதான் குற்றம். சாந்தியைப் பெற்ற பிள்ளைக்கு முத்திரையின் பொருளையும் சொல்லுக. மூன்று விரலை விட்டு ஒரு விரல் வணங்கியது ஏன் என்று ஒருநாள் கேட்பிக்க. அன்று அவன் நிழலினின்று எழுந்து வாயிலை நோக்குவான். பிறசமயப் பிள்ளைகள் வகுப்பிலிருப்பின், அவரை முத்திரை கொள்ளும்படி நெருக்கற்க. கைகளை மடிமேல் வைத்து மூச்சைக் கவனிப்பினும் அவர் அச்சாந்தியைப் பெறுவர்.

ஆசிரிய அன்பர்கள் கைக்கொள்ளத்தக்கவற்றைச் சுருங்கக் கூறுவாம். ஐந்து நிமிடம் போதும். முதுகு நிமிர்ந்திருக்க, விரல்கள் ஒன்றையொன்று அழுத்தாது தொட்டிருக்க. உள்மூச்சினும் வெளிமூச்சு சற்று நீண்டிருக்க. மூச்சை அடக்கும் கும்பகத்தைச் சிறுவர்க்கு விதிக்கற்க. தலைச்சுற்றோ மூச்சுமுட்டோ உண்டாயின் உடனே நிறுத்துக. தொய்வு, நீரிழிவு, வலிப்பு, இருதய நோய் உடைய பிள்ளைகள் இன்னார் என்பதை அறிந்துவைத்து, அவர் மருந்து எங்கேயிருக்கின்றது என்பதையும் அறிந்துவைக்க. நோயின் பெயரைச் சொல்லி எந்த முத்திரையையும் கற்பிக்கற்க. அமைதியில்லாத பிள்ளையைத் தண்டனையாக முத்திரையில் இருத்தற்க. தோப்புக்கரணத்தைத் தண்டனையாக்கி அதன் பணிவை இழந்தது போதும்.

இவற்றையெல்லாம் அவ்வாசிரியர்க்கு நாம் எடுத்துச் சொன்னோம். அவர் சில நாட்கழித்து மீண்டு வந்து, தாம் அத்தாய்க்குக் கூறிய விடையைத் தெரிவித்தார். "அம்மா, உம்முடைய மகன் முதலில் வைத்தியர் கொடுத்த மருந்தை இழுக்கட்டும். மூச்சு வந்தபின் என்னோடிருந்து முத்திரை கொள்ளட்டும். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் வைத்தியர் வேலை, பயத்தைக் குறைப்பது என் வேலை" என்றாராம். அவள் முகத்திலே சிறிது ஏமாற்றம் தோன்றிற்று என்றும், ஆயினும் மறுநாள் மகனது மருந்துக் கருவியொன்றை வகுப்பிலே வைத்திருக்கும்படி தந்துபோனாள் என்றும் கூறினார். அவ்வேமாற்றத்தை உண்டாக்கும் துணிவே ஆசிரியனுக்குரிய வாய்மை. அக்கருவி அவர் மேசையிலே திருநீற்று மடலுக்கு அருகே இருக்கின்றது. இரண்டும் இருக்கவேண்டிய இடத்திலேயே இருக்கின்றன.